சோறு தின்னும் நாயும் வன்னி வளவும்

புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து ஆடி, ஆவணி விடுமுறைக்கு வன்னிக்கு வந்துபோகும் எம்மவர்களிடம் அண்மைக்காலமாக ஒரு புதிய கண்டிப்பைக் கேட்க முடிகின்றது. 'நாய்க்குச் சோறு போடாதேங்கோ, அது இறைச்சி தின்னுற மிருகம். சோறும் மரக்கறியும் அதுக்குச் செமிக்காது' என்று ஊரிலுள்ள உறவினர்களுக்கு அவர்கள் பாடம் நடத்துகின்றார்கள். கிளிநொச்சியிலோ ஒட்டுசுட்டானிலோ நெடுங்கேணியிலோ இருக்கும் உறவினர் இதற்குப் பதில் சொல்வதில்லை. விருந்தாளி திரும்பிப் போனதும் பழையபடி மிஞ்சிய சோற்றைக் கறிச்சட்டியில் பிரட்டி நாய்க்கு வைத்துவிட்டு, 'நாய்க்கென்ன, கல்லைப் போட்டாலும் செமிக்கும்' என்று தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்.

இந்த இரண்டு கூற்றுகளுமே பிழையானவை. சோறு செமிக்காது என்பது விஞ்ஞானத்துக்கு முரணானது. எதைப் போட்டாலும் செமிக்கும் என்பது நாயின் உயிருக்கே ஆபத்தானது. வீட்டு நாய் என்ன உண்கிறது என்பதெல்லாம் எழுதுவதற்குரிய விடயமா என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். வீட்டுக்கு ஒரு நாயாவது இல்லாத வளவை வன்னியில் காண்பது அரிது. காட்டோரக் கிராமங்களில் இரவில் யானை வருவதையும் பாம்பு ஊர்வதையும் முதலில் அறிவிப்பது நாய்தான். ஆண் துணையற்ற எத்தனையோ குடும்பங்களுக்குப் படலையடியில் இருக்கும் ஒரே காவலும் அதுதான். ஆகவே அதன் வயிற்றைப் பற்றிப் பேசுவது எமது வாழ்வைப் பற்றிப் பேசுவதே.

மகாவம்சத்தில் விஜயன் வந்திறங்கிய கதையை அறியாதவர்கள் குறைவு. குவேனியின் பணிப்பெண் ஒருத்தி பெண் நாயின் உருவில் அவர்கள் முன் தோன்றுகின்றாள். நாய் இருக்குமிடத்தில் ஊர் இருக்கும் என்று எண்ணி விஜயனுடைய ஆட்களில் ஒருவன் அதன் பின்னே போகின்றான். அந்தக் கதையின் வரலாற்றுத்தன்மை பற்றிய வாதங்கள் ஒருபுறம் இருக்கட்டும். அதை எழுதியவருக்கு ஓர் உண்மை தெரிந்திருந்தது. நாய் காட்டுக்குரிய பிராணி அன்று, ஊருக்குரிய பிராணி என்பதே அது. ஊர் என்றால் வயல். வயல் என்றால் தானியம். நாயின் உணவுக்குழாயின் கதையும் இதே பாதையில்தான் செல்கின்றது.

நாய்கள் மனிதருடன் சேர்ந்து குறைந்தது 14,000 ஆண்டுகள் ஆகின்றன என்பது தொல்லியல் தரும் செய்தி. அந்த நீண்ட உறவு நாயின் உடலுக்குள் என்ன மாற்றத்தைச் செய்தது என்பதைச் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் அக்சல்சன் குழுவினர் 2013 ஆம் ஆண்டில் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்டனர். 12 ஓநாய்களினதும் 14 இனங்களைச் சேர்ந்த 60 நாய்களினதும் பரம்பரையலகுகளை அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாப்பொருளைச் சமிபாடடையச் செய்யும் அமைலேசு என்ற நொதியத்தைச் சதையியில் சுரக்கச் செய்யும் பரம்பரையலகு ஓநாயில் 2 பிரதிகளாக மட்டுமே இருந்தது. நாய்களிலோ அது 4 முதல் 30 பிரதிகள் வரை காணப்பட்டது. மாப்பொருள் உடைந்து உண்டாகும் வெல்லத்தைக் குளுக்கோசாக்கும் நொதியத்திலும், அந்தக் குளுக்கோசைக் குடற்சுவரினூடாக உறிஞ்சும் பொறிமுறையிலும் கூட நாய் ஓநாயிலிருந்து வேறுபட்டிருந்தது.

பின்னர் வந்த ஆய்வுகள் இதற்கு மேலும் வலுச் சேர்த்தன. வேளாண்மை வேரூன்றிய நிலங்களின் நாய்களில் இந்தப் பிரதிகள் அதிகமாகவும், பனிப்பிரதேசங்களில் வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்த மக்களின் நாய்களிலும் அவுஸ்திரேலியக் காட்டு நாயான டிங்கோவிலும் குறைவாகவும் இருப்பது கண்டறியப்பட்டது. ஐரோப்பாவில் தோண்டியெடுக்கப்பட்ட பழங்கால நாய் எலும்புகளை ஆராய்ந்தவர்கள், ஆதி விவசாயிகளின் நாய்களில் சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்னரே இந்தப் பெருக்கம் தொடங்கிவிட்டது என்று 2016 இல் எழுதினார்கள். மனிதன் உழத் தொடங்கியபோது நாயின் குடலும் அவனோடு சேர்ந்து மாறியது என்பதே இதன் சுருக்கம். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, கணுக்கேணி என்று குளங்களின் பெயரால் ஊர்களை அறியும் ஒரு நெல்நாட்டில் நாய்க்குச் சோறு அந்நியமான உணவாக இருக்க முடியாது.

இனி உணவு நாயின் உடலில் செல்லும் வழியைப் பார்ப்போம். எமது வாயில் ஊறும் உமிழ்நீரில் அமைலேசு உண்டு. அதனால்தான் சோற்றை நன்றாக மென்றால் இனிக்கின்றது. நாயின் உமிழ்நீரில் அது இல்லை என்றே சொல்லலாம். அது மெல்லுவதுமில்லை. கடித்து, கிழித்து, விழுங்கிவிடும். அதன் கடைவாய்ப் பற்கள் கத்தரிக்கோல் போல வெட்டுவதற்கானவை. மாடு போலத் தாடையைப் பக்கவாட்டில் அசைத்து அரைக்க அதனால் இயலாது. இரைப்பையில் உள்ள கடுமையான அமிலம் புரதத்தின் மீது வேலை செய்கின்றது. சிறுகுடலை அடைந்த பின்னரே சதையியின் அமைலேசு சோற்றின் மேல் வேலையைத் தொடங்குகின்றது. நன்கு வெந்த சோறு இங்கே ஏறத்தாழ முழுமையாகச் சமிபாடடைந்துவிடும். வேகாத அரிசியும் பச்சைக் கிழங்கும் அவ்வாறல்ல. வெப்பமும் நீரும் பட்டு மாப்பொருள் மணிகள் உப்பி உடைந்தால்தான் நொதியம் உள்ளே நுழையும். சமையல் என்பது எமக்காக மாத்திரமன்றி நாய்க்காகவும் நடக்கும் முன்சமிபாடு எனலாம்.

மரக்கறியின் கதை சற்று வேறு. இலையினதும் தண்டினதும் கலச்சுவர் செலுலோசினால் ஆனது. செலுலோசை உடைக்கும் நொதியம் எமக்கும் இல்லை, நாய்க்கும் இல்லை. மாட்டுக்கும் அது சொந்தமாக இல்லை. ஆனால் மாட்டின் பெருவயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் அந்த வேலையைச் செய்து கொடுக்கின்றன. மாட்டின் குடல் அதன் உடல் நீளத்தைப் போலச் சுமார் 20 மடங்கு நீளமானது. நாயின் குடல் 5, 6 மடங்கு மட்டுமே. உணவு அங்கே தங்கும் நேரமும் குறைவு. எனவே ஒரு துண்டு பச்சைக் கரட்டை நாய் விழுங்கினால் அது ஏறக்குறைய அதே வடிவத்தில் மறுநாள் வெளியே வந்து கிடக்கும். இதைக் கண்டுதான் பலரும் 'மரக்கறி செமிக்காது' என்ற முடிவுக்கு வருகின்றார்கள். அதே கரட்டை அவித்து மசித்துக் கொடுத்தால் கலச்சுவர் தளர்ந்து, உள்ளிருக்கும் சத்து குடலுக்குக் கிடைக்கும். ஆகவே குறை மரக்கறியிலும் இல்லை, நாயிலும் இல்லை. கொடுக்கும் முறையில்தான் இருக்கின்றது.

சமிபாடடையாத நாரும் வீணாவதில்லை. பூசணி, பப்பாசி, வாழைப்பழம் போன்றவற்றில் உள்ள கரையும் நார் பெருங்குடலை அடையும்போது அங்குள்ள பற்றீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து சிறு கொழுப்பமிலங்களை உருவாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவர்க் கலங்களுக்கு அவை உணவாகின்றன. கரையாத நார் மலத்துக்குப் பருமன் கொடுத்துக் கழிவை ஒழுங்காக வெளியேற்றுகின்றது. வயிற்றோட்டத்துக்கும் மலச்சிக்கலுக்கும் ஒரே அவித்த பூசணியைச் சில மிருக வைத்தியர்கள் பரிந்துரைப்பது இதனால்தான். ஆனால் அளவு மிஞ்சினால் வயிறு ஊதும், காற்றுப் பிரியும், மலம் இளகும். நாயின் பெருங்குடல் குறுகியது. அது சிறிய அடுப்பு. பெரிய விறகை அதில் திணிக்கக் கூடாது.

பழங்களை நாய் விரும்புமா என்ற கேள்விக்கு வன்னியில் வாழ்பவருக்கு விளக்கம் தேவையில்லை. மாமரத்தின் கீழே விழுந்து வெடித்த பழத்தை நாய் நக்குவதையும், ஆவணியில் விழும் பனம்பழத்தைக் காலால் அமத்திப் பிடித்துச் சூப்புவதையும் கண்டே வளர்ந்தோம். முறிகண்டிப் பிள்ளையாரடியில் சிதறும் தேங்காய்ச் சொட்டுக்காகக் காத்திருக்கும் நாய்களை ஏ-9 வீதியால் பயணம் செய்த எவரும் கண்டிருப்பார்கள். இனிப்பைச் சுவைக்கும் ஆற்றல் நாய்க்கு உண்டு. பூனைக்கு அது இல்லை. பூனையின் இனிப்புச் சுவைக்கான பரம்பரையலகு செயலிழந்திருப்பதை 2005 இல் கண்டுபிடித்தார்கள். கலப்பற்ற ஊனுண்ணி என்ற பெயர் பூனைக்கே பொருந்தும். நாய்க்குப் பொருந்தாது.

நாயின் மூதாதையான ஓநாய்கூடப் பழத்தை ஒதுக்குவதில்லை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலக் காடுகளில் ஓநாய்களைப் பின்தொடர்ந்து ஆராய்பவர்கள், கோடையில் அவை புளூபெரிப் பழங்களை உண்பதையும், 2017 இல் ஓர் ஓநாய் தன் குட்டிகளுக்கு அப்பழங்களையே கக்கி ஊட்டியதையும் பதிவு செய்திருக்கின்றார்கள். எமது காடுகளில் ஓநாய் இல்லை. நாயின் உறவுக்காரனான நரி இருக்கின்றது. இலந்தைப் பழக் காலத்தில் காட்டோரத்தில் கிடக்கும் நரியின் எச்சத்தில் இலந்தைக் கொட்டைகள் இருப்பதைக் காட்டுக்குப் போய்வருபவர்கள் அறிவார்கள்.

புல் தின்னும் நாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாய் புல் தின்றால் அதற்கு வயிற்றுக்குத்து, சத்தி எடுக்கப் போகிறது என்பது எமது பொது நம்பிக்கை. கலிபோர்னியாப் பல்கலைக்கழக மிருக வைத்தியர்கள் நாய் வளர்ப்போர் மத்தியில் நடத்தி 2008 இல் வெளியிட்ட கருத்தாய்வில், புல் தின்ற நாய்களில் நாலில் ஒரு பங்குக்கும் குறைந்தவையே பின்னர் அடிக்கடி வாந்தி எடுப்பதாகத் தெரியவந்தது. தின்பதற்கு முன்னர் நோயுற்றுக் காணப்பட்டவை அதிலும் குறைவு. பெரும்பாலான நாய்களுக்குப் புல் மருந்தன்று, வழக்கம்.

நிற்க. சோறும் மரக்கறியும் செமிக்கும் என்று சொன்னதால், சோறும் மரக்கறியும் போதும் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளக் கூடாது. இங்கேதான் ஊரிலிருப்போர் கவனிக்க வேண்டிய பகுதி தொடங்குகின்றது. வன்னித் தெருக்களில் விலா எலும்பு தெரிய அலையும் நாய்களுக்குச் சோறு செமிக்காமல் போகவில்லை. அவற்றுக்குக் கிடைப்பது சோறு மட்டுமே, அதுவும் அரை வயிற்றுக்கு. மிகுதியைக் குடற்புழுக்கள் பங்குபோடுகின்றன.

நாய் தனக்கு வேண்டிய விற்றமின் சீயைத் தன் ஈரலிலேயே தயாரித்துக்கொள்கின்றது. தேசிக்காயும் நெல்லிக்காயும் அதற்குத் தேவையில்லை. பூசணியிலும் பப்பாசியிலும் முருங்கையிலையிலும் உள்ள கரோட்டீனை விற்றமின் ஏயாக மாற்றவும் அதனால் முடியும். பூனையால் அது முடியாது. ஆனால் விற்றமின் டீயை வெயிலில் காய்ந்து போதுமான அளவு பெற நாயால் இயலாது. எம்மைப் போல் அதன் தோல் அந்த வேலையைச் செய்வதில்லை. மீன், முட்டை, ஈரல் போன்றவற்றிலிருந்தே அது வர வேண்டும். விற்றமின் பி12 உம் விலங்குணவில்தான் உண்டு. சோற்றிலும் சரி, எலும்பில்லாத இறைச்சியிலும் சரி, கல்சியம் குறைவு. வளரும் குட்டிக்கு வெறும் சோறும் குழம்பும் போட்டால் கால் வளையும். குட்டி ஈன்ற தாய் நாய்க்கு அதையே போட்டால் நடுக்கம் கண்டு விழும். முல்லைத்தீவுக் கரையில் கழிக்கும் மீன் தலையும், சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சிறு மீனும், வாரத்தில் ஓரிரு முட்டையும் இந்தக் குறையைப் பெருமளவு நிரப்பும்.

சைவ உணவு உண்ணும் குடும்பங்கள் என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. பருப்பும் சோறும் தயிரும் உண்டு பல ஆண்டுகள் வாழ்ந்த நாய்களை யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் எத்தனையோ சைவ வீடுகளில் கண்டிருக்கின்றோம். பிரித்தானிய மிருக வைத்தியர் சங்கம் நாய்களுக்கான தாவர உணவை எதிர்க்கும் தனது நிலைப்பாட்டை 2024 இல் கைவிட்டது. எனினும் அதன் பொருள் சரிநிகராகச் சத்துச் சேர்க்கப்பட்ட உணவு என்பதே. பருப்புக்கறியும் சோறும் மட்டும் அந்த வரையறைக்குள் வராது. முட்டையும் பாலுணவும் சேர்க்க மனமுள்ள வீடு சமாளித்துக்கொள்ளலாம். அதற்கும் மனமில்லாதவர்கள் மிருக வைத்தியரிடம் கேட்டுச் சத்து மருந்து சேர்க்க வேண்டும். எமது விரதம் எமக்குரியது. அதன் பாரத்தை வாய் பேசாத பிராணியின் எலும்பில் ஏற்றக் கூடாது.

இனி நஞ்சுகளைப் பற்றிப் பேசுவோம். 'கல்லைப் போட்டாலும் செமிக்கும்' என்ற எமது அசட்டை நாயைக் கொல்லும் இடம் இது. முதலாவது வெங்காயம். சம்பலில், சொதியில், மீன்குழம்பில், பொரியலில் வெங்காயம் இல்லாத எமது சமையல் ஏது? வெங்காயத்திலும் உள்ளியிலும் உள்ள கந்தகச் சேர்வைகள் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்குகின்றன. உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 15 முதல் 30 கிராம் வரையான வெங்காயம் குருதியில் பாரதூரமான மாற்றத்தை ஏற்படுத்தப் போதுமானது என்று மிருக வைத்திய நூல்கள் கூறுகின்றன. 12 கிலோ எடையுள்ள எமது ஊர் நாய்க்கு 180 கிராம் அந்த எல்லைக்குள் வந்துவிடும். ஒரே நாளில் அவ்வளவும் தின்ன வேண்டுமென்பதில்லை. நாளாந்தம் சிறிது சிறிதாகச் சேர்ந்தாலும் கேடுதான். அவித்தாலும் பொரித்தாலும் காயவைத்தாலும் இந்த நஞ்சு போகாது. முரசு வெளிறி, சிறுநீர் கறுத்து, சோர்ந்து படுத்துவிட்ட நாயைப் பார்த்து 'நாவூறு பட்டுவிட்டது' என்று வேப்பிலை அடிப்பவர்கள் அது முதல் நாள் உண்ட கறிச்சட்டியை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது முந்திரிகைப்பழம், அதாவது திராட்சை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பந்தல்களில் விளைந்து வன்னிச் சந்தைகளுக்கும் வரும் பழம் இது. இதன் உலர்ந்த வடிவமான பிளம்ஸ் எமது கேக்கிலும் பொங்கலிலும் உண்டு. இது சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் என்பது 2000 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில்தான் தெரியவந்தது. ஏன் என்பது 20 ஆண்டுகளாகப் புதிராக இருந்தது. பழத்திலுள்ள தார்த்தாரிக் அமிலமே காரணமாகலாம் என்று அமெரிக்க விலங்கு நச்சியல் மருத்துவர்கள் 2021 இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் வெளியிட்ட மற்றொரு கட்டுரை எமக்கு இன்னும் நெருக்கமானது. அதே அமிலம் நிறைந்த புளியம்பழத்தை உண்ட நாய்களுக்கும் அதே விதமான சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டிருந்ததை அது காட்டியது. புளிய மரம் இல்லாத வன்னிக் கிராமம் எது? கறியில் கரைந்த சிறிதளவு புளியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கோது உடைத்துப் பாயில் காயவைத்த புளியை நாய் எட்டாத இடத்தில் வைப்பது அவசியம்.

மூன்றாவது, விருந்தாளியின் பெட்டியிலிருந்து வருவது. சொக்கிலேற்றிலுள்ள தியோபுரோமின் நாயின் இதயத்தைத் தாக்கும். சீனி சேர்க்காத சூயிங்கத்திலும் இனிப்பிலும் இருக்கும் சைலிற்றோல் நாயின் குருதி வெல்லத்தைச் சடுதியாக வீழ்த்தும், ஈரலையும் கெடுக்கும். சோறு போடாதே என்று கண்டித்த அதே விருந்தாளியின் பிள்ளைகள் அன்போடு நீட்டும் ஒரு துண்டு இனிப்பே நாய்க்கு எமனாகலாம். இவற்றோடு மாங்கொட்டையும் சோளப் பொத்தியும் குடலை அடைக்கும். பச்சை மரவள்ளிக் கிழங்கிலும் அதன் தோலிலும் சயனைட்டை உண்டாக்கும் பொருள் உண்டு. நன்கு அவித்து நீரை வடித்த கிழங்கு மட்டுமே எமக்கும் நாய்க்கும் உரியது.

கோயில் மடப்பள்ளிகளில் வெங்காயமும் உள்ளியும் சேர்ப்பதில்லை என்பதை எண்ணிப் பார்க்கின்றேன். வன்னியில் திரும்பிய இடமெல்லாம் வைரவர் சூலம். வைரவருக்கு வாகனம் நாய். அவருக்கு வடைமாலை சாத்துகின்றோம். அந்த வாகனத்துக்கு வீட்டுக் கறிச்சட்டியை விடக் கோயிற் சோறே பாதுகாப்பானது என்பது எவரும் திட்டமிடாமல் அமைந்த ஒரு பொருத்தம்.

வெளிநாட்டு உணவுப் பொதியே இதற்கெல்லாம் தீர்வு என்போருக்கும் ஒரு செய்தி உண்டு. தானியம் நாய்க்குக் கேடு என்ற விளம்பரத்தோடு மேற்குலகில் தானியமில்லா நாயுணவுகள் பெருகின. அரிசிக்கும் கோதுமைக்கும் பதிலாகப் பட்டாணியும் பருப்பு வகைகளும் கிழங்கும் அவற்றில் அதிகமாகச் சேர்க்கப்பட்டன. 2018 ஆடியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அத்தகைய உணவுகளை உண்ட நாய்களிடையே இதயம் விரிவடையும் நோய் காணப்படுவதாக அறிவித்து விசாரணையைத் தொடங்கியது. காரணத் தொடர்பு உறுதியாகவில்லை. போதிய புதிய விஞ்ஞானத் தகவல் கிடைக்கும்வரை மேலதிக அறிக்கைகளை வெளியிடுவதில்லை என்று 2022 மார்கழியில் அது தெரிவித்தது. முடிவு எதுவாயினும், பாரிசிலும் ரொறன்ரோவிலும் அரிசிக்குப் பயந்து அதிக விலை கொடுத்தவர்கள் வாங்கியதும் தாவர உணவுதான் என்பது கவனிக்கத்தக்கது. அதைவிடக் கிளிநொச்சியின் குத்தரிசிச் சோறு எந்த விதத்திலும் தாழ்ந்ததன்று.

இந்த இடத்தில் எமது மண்ணின் அண்மைக்கால வரலாற்றைத் தொடாமல் செல்ல முடியாது. 2008 இன் பிற்பகுதியில் கிளிநொச்சியிலிருந்து சனம் கிழக்கு நோக்கி நகரத் தொடங்கியது. 2009 தை 2 ஆம் திகதி கிளிநொச்சி இராணுவத்தின் வசமானது. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று நகர்ந்த அந்தச் சனத்தின் பின்னே வீட்டு நாய்களும் நடந்தன. சில படலையடியிலேயே நின்றுவிட்டன. விஜயன் கதையில் நாயைக் கண்டவன் அங்கே ஊர் இருக்குமென்று நம்பினான். 2009 இன் வன்னியில் நாய்கள் இருந்தன, ஊர்கள் இல்லை.

உப்பும் அரிசியும் நீருமாய்க் காய்ச்சிய கஞ்சியே மனிதருக்கு வாழ்வாக இருந்த நாட்கள் அவை. அந்தக் கஞ்சியை ஆண்டுதோறும் வைகாசியில் நினைவுகூர்ந்து பகிர்கின்றோம். மனிதரின் பானையில் மிச்சம் இல்லாத போது நாய்க்கு என்ன இருந்திருக்கும்? நாயின் பரம்பரையலகில் 30 பிரதிகள் இருந்தாலும், மிச்சம் வைக்க ஒரு வீடு இல்லாவிட்டால் அவற்றால் பயனில்லை. 7,000 ஆண்டுகளாக அதன் குடல் எமது அடுப்பை நம்பி மாறிவந்திருக்கின்றது. அடுப்பு அணைந்தால் திரும்பிப் போவதற்கு அதற்கு ஒரு காடு இல்லை. செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 புரட்டாதியில் மூடப்படும்வரை கட்டம் கட்டமாக மீளக்குடியமர்ந்த மக்கள், கூரையில்லாத வளவில் அடுப்பு மூட்டிய முதல் நாட்களிலேயே எங்கிருந்தோ ஒரு நாய் வந்து சற்றுத் தள்ளிப் படுத்துக்கொண்டதாகச் சொல்வதைச் செய்திக்காகச் சென்ற இடங்களில் நான் கேட்டிருக்கின்றேன். அது எவருடைய நாய் என்று யாரும் விசாரிக்கவில்லை. சோறு வைத்தார்கள். அது அந்த வீட்டு நாயானது.

எனவே, நாய்க்குச் சோறு வைப்பதை அறியாமை என்று ஏளனம் செய்வதை நான் ஏற்கவில்லை. அது இந்த மண்ணின் பழைய உடன்படிக்கை. ஆனால் உடன்படிக்கை என்றால் இரு தரப்புக்கும் கடமை உண்டு. மிச்சத்தை வீசுவதோடு எமது பங்கு முடிந்துவிடுவதில்லை. வீட்டில் உலை வைக்கும்போது நாய்க்கென ஒரு பிடி அரிசி கூடப் போடலாம். கறி கூட்டுவதற்கு முன்னர், வெங்காயமும் உறைப்பும் சேராத பூசணித் துண்டையோ பயிற்றங்காயையோ கரட்டையோ அதே சோற்றோடு அவியவிட்டு மசிக்கலாம். முள் அகற்றிய மீனை அதில் பிசையலாம். மரக்கறி ஒரு பங்கு என்றால் சோறும் மீனும் அதிலும் பல பங்காக இருக்க வேண்டும். பப்பாசியோ வாழைப்பழமோ விதை, தோல் நீக்கிச் சிறு துண்டாகக் கொடுக்கலாம். இதற்கு மேலதிகச் செலவு மிகச் சிறிது. வேண்டியது ஒரு தனிச் சட்டியும் சிறிது கவனமும்தான்.

அரசுக்கும் உள்ளூராட்சி மன்றங்களுக்கும் இதில் பங்குண்டு. விசர்நாய்க்கடியைத் தடுக்க 1893 இல் சட்டம் இயற்றிய நாடு இது. தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் நடைமுறை 2006 இல் நிறுத்தப்பட்டது. அது வரவேற்கத்தக்கது. ஆனால் கொல்லாமை மட்டும் கொள்கையாகிவிடாது. தடுப்பூசியும் கருத்தடையும் ஒழுங்காக நடைபெறாத இடத்தில் கொல்லாமை என்பது பட்டினிக்குக் கையளிப்பதாகவே முடியும். சந்தைக் கழிவையும் இறைச்சிக்கடைக் கழிவையும் வீதியோரத்தில் கொட்டும்போது அங்கே கூட்டம் சேரும் நாய்கள்தான் இரவில் மோட்டார் சைக்கிள்களைத் துரத்துகின்றன, பள்ளிப் பிள்ளைகளைக் கடிக்கின்றன. நாய் எங்கே உண்கிறதோ அங்கேயே அது வாழும். வளவுக்குள் உணவு வைத்தால் வளவு நாய். குப்பைமேட்டில் உணவு வைத்தால் குப்பைமேட்டு நாய். பிரதேச சபைகள் இதை விளங்கிக்கொண்டு கழிவகற்றலையும் தடுப்பூசியையும் ஒரே வேலையாகச் செய்ய வேண்டும்.

இலங்கையில் மிருக வைத்திய பீடம் பேராதனையில் மட்டுமே இருக்கின்றது. அங்கிருந்து வெளிவரும் வைத்தியர்கள் வன்னியின் அரச நிலையங்களில் பணியாற்றும்போது மாட்டுக்கும் ஆட்டுக்குமே நேரம் போதாது. நாயின் உணவைப் பற்றித் தமிழில் ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் அச்சிட்டு, தடுப்பூசி போடும் நாளில் வீட்டுக்கொன்றாகக் கொடுப்பதற்குப் பெரிய நிதி தேவையில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கின்றது. எமது அரிசியையும் மீன் கழிவையும் மரக்கறியையும் கொண்டு மலிவான, சத்துச் சமநிலையுள்ள நாயுணவைத் தயாரிப்பது அங்குள்ள மாணவர்களுக்கு ஏற்ற ஆய்வாக அமையும். அது சில குடும்பங்களுக்குத் தொழிலாகவும் ஆகலாம்.

அடுத்த ஆடிக்கு ஊருக்கு வரவிருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாய்ச் சாப்பாட்டுப் பொதி கொண்டுவருவதென்றால் தாராளமாகக் கொண்டுவாருங்கள். அது தீரும்வரை நாய் மகிழ்ச்சியாக உண்ணும். ஆனால் பொதி தீர்ந்து நீங்களும் விமானம் ஏறிய பின்னர் அந்த நாய் உண்ணப் போவது உங்கள் அக்காவின் உலைச் சோற்றைத்தான். ஆகவே போவதற்கு முன், சோறு போடாதே என்று சொல்வதை விடுத்து, 'அக்கா, நாய்ச் சட்டியிலை வெங்காயம் மட்டும் போடாதேங்கோ, ஒரு மீன் தலையைச் சேருங்கோ' என்று சொல்லிவிட்டுப் போங்கள். புழுக்குளிசைக்கும் தடுப்பூசிக்கும் சிறிது பணம் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்த வீட்டு நாய்க்கு அதைவிட வேறெதுவும் இப்போது தேவையில்லை.